நாலாம் நம்பர் மெத்தை

காலையிலேயே மெத்தைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவ்வளவு பெரிய அரங்கத்தில் அவருக்குக் கிடைத்த இடத்திலிருந்து பார்த்தால் மெத்தையின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அறுபது மீட்டர் ஓட்டம் கூரைக்குள் நடக்கிற சமாச்சாரம். முடிவுக் கோட்டைத் தாண்டி நின்று மூச்சுவாங்க இடமில்லை, சுவர் வந்துவிடும். அதனால் சுவருக்கு முன்னால் ஆளுயர மெத்தைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஓடிவருகிறவர்கள் அதில் மோதி நிற்க வேண்டும். மெத்தை சாயாமல் பின்னாலிருந்து தோள் கொடுக்க ஆள் வேண்டும். மெத்தைகளைத் தைத்துக் கொடுத்ததே தான்தானே என்று இவர் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

காரணம், ஓடுகிறவர்களில் ஒருவன் இவர் மகன்.

"ஓடி என்னத்தைக் கிழிக்கப்போறே, கடையைப் பாரு" என்று இவர் ஒருநாள் சொல்லப்போக, பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பயிற்சி முகாமுக்குப் போனவன்தான். அப்புறம் அம்மாவுக்கு மட்டும்தான் போன். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஜாடை காட்டுவார். அப்பா இருக்காரா என்று அவன் கேட்டால், இவர் சொல்லிக்கொடுத்தபடியே, "கடைக்குப் போயிருக்கார்" என்று வீட்டுக்காரி சொல்லிவைப்பாள். மனுஷருக்கு வீம்பு. பையனைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

பையனிடம் ஒரே குறை என்று பேப்பரில்கூட எழுதினார்கள். எதிரில் சுவரைக் கண்டதும் கடைசியில் வேகத்தைக் குறைத்துவிடுவானாம். சின்ன வயதில் அப்படியா இருந்தான்? தெருவிலிருந்து ஓடிவந்து, கடைக்குள் இவர் தூக்கிப் பிடித்திருக்கும் மெத்தையில் பொத்தென்று விழுவான். புதுத் துணி அழுக்காகிறது என்று இவர் கத்துவார். மறுநாளும் தூக்கிப் பிடிப்பார்.

தகுதிச் சுற்றில் துப்பாக்கி வெடிச்சத்தம் கேட்டது, கூட்டம் கத்தியது, மெத்தைகள் தொம் தொம்மென்றன. முடிந்துவிட்டது. அரையிறுதியில் இவர் ஓரத்திலிருந்து கழுத்தை நீட்டினார். தலை கேமராவில் விழுந்தது. மைதானப் பொறுப்பாளர் அம்மா, எல்லோரும் விசில் மேடம் என்பார்கள், ஓட்டம் முடிந்ததும் விசிலோடு வந்துவிட்டார்.

"ஃபைனலுக்கு நீங்க நாலாம் நம்பர் மெத்தை. நட்ட நடுவுல. அங்கேருந்து அசையக் கூடாது."

இருந்ததும் போச்சு. ஃபைனலில் நாலாவது லேனில் ஓடப்போவது மகன்தான் என்று ஒலிபெருக்கி சொன்னபோது இவருக்கு அழுகையே வந்தது. பெற்ற பிள்ளை நேர் எதிரே ஓடிவருவான், நடுவில் தன் கையால் தைத்த மெத்தை.

தைத்தவருக்குப் பிரிக்கத் தெரியாதா? சட்டைப்பையிலிருந்த கத்தரியால் ஒரு கண் அளவுக்கு முன்னும் பின்னும் தையலைப் பிரித்தார். உள்ளே அடைத்திருந்த பஞ்சுத் துணுக்கெல்லாம் விடுதலை கிடைத்ததுபோலப் பறந்து, ஓடுபாதை முழுக்கப் படிந்தது. பெருக்குகிறவர்கள் ஓடிவந்தார்கள். பந்தயம் நின்றது. பிரித்தவரே தைக்கட்டும் என்றார் விசில் மேடம்.

மகன் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மெத்தைக்கு முன்னால் மண்டிபோட்டு இவர் தைத்ததைப் பெரிய திரையில் காட்டினார்கள். கூட்டம் கை தட்டியது. அவமானத்தில், பார்க்கவேண்டிய பையனைத் திரும்பிப் பார்க்கவும் மறந்து, மறுபடி பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

கடைசியாகத் தண்ணீர் கேன் வைக்கிறவரிடம் கெஞ்சி, சட்டையை மாற்றிக்கொண்டு, கேனைத் தோளில் வைத்து நடந்தார். பத்தடி போவதற்குள் விசில். ஈரச் சட்டையோடு திரும்பவும் நாலாம் நம்பர். இந்த அம்மாவுக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே தோளைக் கொடுத்தார்.

அரங்கம் அமைதியானது. துப்பாக்கி வெடித்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மற்ற மெத்தைகள் தொம் என்றன. நாலாம் நம்பரில் விழுந்த இடியில் இவரும் மெத்தையும் சேர்ந்து மல்லாந்தார்கள். மேலே மெத்தை, அதற்கு மேலே யாரோ மூச்சு இரைக்கிற சத்தம். அந்த மூச்சு இவருக்குத் தெரியாதா? உள்ளங்கையை மெத்தையில் வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது அந்த மூச்சு. பிறகு யாரோ கூப்பிட, கால்கள் எழுந்து போய்விட்டன. நாலாவது லேனுக்கு வெண்கலம் என்றது ஒலிபெருக்கி.

விசில் மேடம் வந்து மெத்தையைத் தூக்கினார். கீழே இவர் அழுதுகொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவை அவன் ஓடறதைப் பாத்திருப்பேனேம்மா. விடமாட்டேன்னுட்டீங்களே."

விசில் மேடம் கைகொடுத்து எழுப்பினார்.

"நான் என்ன பண்ணட்டும் ஐயா? 'எங்கப்பா மெத்தை பிடிக்க வந்திருக்கார்னு அம்மா போன்ல சொல்லிட்டாங்க, ஃபைனல்ல என் லேன் மெத்தையை அவர் பிடிச்சிருந்தா நான் வேகத்தைக் குறைக்கவே மாட்டேன்'னு உங்க பையன்தானே காலையில வந்து கேட்டுக்கிட்டான்."