சட்டையைப் பிடித்த வழக்கு

ஓர் ஊர் முன்னேறிவிட்டது என்பதற்கு எங்கள் அளத்துமேட்டில் ஒரே ஓர் அளவுகோல்தான் வைத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தக் கூடாத இடம் ஒன்றாவது ஊரில் இருக்க வேண்டும். புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. மரக்காணத்து உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த எங்கள் ஊரில் மட்டும் யாரும் எங்கேயும் வண்டியை நிறுத்தலாம் என்ற தலைகுனிவான நிலை 2005 வரை நீடித்தது. நிறுத்துவதற்குத்தான் வண்டிகள் அதிகம் இல்லை. இருந்தவற்றில் பாதியை உப்புக்காற்று தின்றுவிட்டிருந்தது.

இந்தக் குறையைப் போக்க வாகன நிறுத்த ஒழுங்குப் பிரிவு என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். ஒரு மேற்பார்வையாளர், ஒரு காவலர், ஒரு விசில், ஒரு பலகை. பிறகு, தடை செய்வதற்கு இடம் தேடினார்கள். ஆளில்லாத இடத்தில் தடை போட்டால் மீறுவதற்கும் ஆள் இருக்காது. மீறல் இல்லாவிட்டால் பிரிவு எதற்கு என்று மேலிடம் கேட்கும். ஆகவே, தீவிர ஆலோசனைக்குப் பின், காலையில் ஊரே வந்து நிற்கும் இடமான இங்கிலீஷ் மீடியம் நர்சரி பள்ளியின் வாசல் தேர்வு செய்யப்பட்டது.

அங்கேதான் நான் பிடிபட்டேன்.

அப்போது எனக்கு அரசு வேலைக்கான உத்தரவு வந்திருந்தது. இளநிலை உதவியாளர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா உப்பு வாரி என்னைப் படிக்க வைத்தார். வேலையில் சேர ஒரு சான்றுதான் பாக்கி. 'இவர் மீது வழக்கு எதுவும் இல்லை' என்று ஊரிலுள்ள அலுவலகங்களில் எழுதி வாங்கி மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அதனால் அந்த மாதம் முழுக்க நான் எச்சில்கூடப் பார்த்துத்தான் துப்பினேன்.

அக்கா அம்சவள்ளி விடிவதற்குள் உப்பளத்து வேலைக்குப் போய்விடுவாள். அவள் மகள் தமிழ்நிலாவுக்கு டை கட்டி, மொபெட்டில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. எங்கள் ஊரில் வண்டிக்கு ஸ்டாண்டு போடும் வழக்கம் இல்லை. ஈரமண்ணில் ஸ்டாண்டு புதைந்து வண்டி படுத்துவிடும். எஞ்சினையும் அணைக்க மாட்டோம். அணைத்தால் மறுபடி உயிர் வருவது உப்புக்காற்றின் கையில் இருக்கிறது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பிள்ளையை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவோம். அன்றும் அப்படித்தான் செய்தேன். தமிழ்நிலா இறங்கினாள். என் சட்டையை மட்டும் விடவில்லை.

"விடுடீ, மாமா போகணும்."

"நீயும் வா."

"நான் படிச்சு முடிச்சிட்டேன்டீ."

"பொய் சொல்ற. ஏ பி சி டி சொல்லு."

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது விசில் கேட்டது. காவலர் கன்னியப்பன் வந்து நின்றார்.

"ஏம்பா, இங்க வண்டி நிறுத்தக் கூடாதுன்னு தெரியாது?"

"நிறுத்தலைங்க. எஞ்சின் ஓடுது பாருங்க."

"எஞ்சின் ஓடுது. வண்டி ஓடுதா?"

சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"பலகை எதுவும் காணோமேங்க?"

"ஆபீஸ்ல இருக்குது. வந்து பாத்துக்க" என்று அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே இருந்தது. மேற்பார்வையாளர் ஆதிமூலத்தின் நாற்காலிக்குப் பின்னால், எண்ணெய் தடவி, பாலிதீன் சுற்றி, பூப்போட்டு மாட்டியிருந்தார்கள்.

"வெளிய வெச்சா உப்புக்காத்துல துரு ஏறிடும் தம்பி" என்றார் ஆதிமூலம். "ஆடிட்ல கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?"

"அப்ப ஜனங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"அபராதம் போட்டா தெரிஞ்சிடும். உனக்கு இப்ப தெரிஞ்சிடுச்சில்ல?"

என் வேலை விஷயத்தைச் சொன்னேன். அவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். அபராதம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், சான்று தர முடியாது. கட்டாவிட்டால் வழக்கு நிலுவையில் இருக்கும், அப்போதும் தர முடியாது என்றார்.

"மூணாவதா ஒண்ணு இருக்குது. ஆட்சேபணை மனு கொடுக்கலாம்."

"கொடுத்தா?"

"விசாரிப்போம். விசாரணை முடியற வரைக்கும் சான்று தர முடியாது."

கொடுத்தேன். வண்டி நின்றது உண்மை, ஆனால் நான் நிறுத்தவில்லை, குழந்தை சட்டையைப் பிடித்திருந்தது என்று ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தேன். ஆதிமூலம் அதை இரண்டு தரம் படித்தார்.

"பிடிச்சதுங்கிறதுக்கு என்ன ஆதாரம்? ஸ்தல விசாரணை பண்ணிட வேண்டியதுதான்."

அடுத்த வாரம் ஜீப்பில் வந்து இறங்கினார். ஜீப்பின் எஞ்சினையும் அணைக்கவில்லை. அதுவும் எங்கள் ஊர்க் காற்றைச் சுவாசிக்கும் ஜீப்தான். பள்ளி வாசலை அது முழுதாக அடைத்துக்கொண்டதால் பிள்ளைகளைச் சுவர் மேலாகத் தூக்கி உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆதிமூலம் தமிழ்நிலாவின் முன்னால் குனிந்தார்.

"பாப்பா, அன்னிக்கு மாமா சட்டையை எப்படிப் புடிச்ச? எனக்குக் காட்டு பாக்கலாம்."

அவள் காட்டினாள்.

"ம்... புரிஞ்சிடுச்சு. விடும்மா."

"நீயும் வா."

"நான் ஆபீஸ் போகணும்டா கண்ணு."

"ஏ பி சி டி சொல்லு."

ஆதிமூலம் சொன்னார். அவள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார்கள். இடது கையால் வாங்கிக்கொண்டாள். வலது கையில் சட்டை இருந்தது. இழுத்தால் பொத்தான் போகும், குழந்தை அழும், தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. கன்னியப்பன் தயங்கித் தயங்கி விசிலை வாயில் வைத்து ஊதினார்.

"யோவ், நான்யா."

"நீங்கதானேய்யா சொன்னீங்க, யாரா இருந்தாலும் எழுதுன்னு" என்று சீட்டைக் கிழித்தார் கன்னியப்பன். அவருக்கு அது நிரந்தர வேலை இல்லை. அதனால் சொன்னதைச் செய்துவிடும் பழக்கம் இருந்தது.

அந்தச் சீட்டு எழுதப்பட்ட பிறகுதான் என் வழக்கில் வேகம் பிறந்தது. அன்று மதியமே ஆதிமூலம் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"தம்பி, நல்லா யோசிச்சுப் பாத்தேன். வண்டி நின்னதுக்கு நீ காரணமில்ல."

"அதத்தாங்க நானும்..."

"நானும் காரணமில்ல. புடிச்சு வெச்சவங்கதான் காரணம். புடிச்சது யாரு?"

"குழந்தைங்க."

"பேரு, வயசு, தகப்பன் பேரு, விலாசம் சொல்லு."

சொன்னேன். எழுதி முடித்து என் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போடு. உனக்கு இன்னிக்கே சான்று."

"மூணரை வயசுங்க அவளுக்கு."

"வயசு போட்டிருக்கேன் பாரு. அரசாங்கம் எதையும் மறைக்கறதில்ல."

மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்பாவின் வெடித்த பாதங்கள் நினைவுக்கு வந்தன. கையெழுத்துப் போட்டேன்.

சான்றைக் கொடுத்துவிட்டு, எந்த அலுவலகத்தில் போடுவார்கள் என்று காத்திருந்தேன். சில நாளில் வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தது. 'மேற்படி முகவரியில் வசிக்கும் தமிழ்நிலா, வயது மூன்றரை, அரசு அலுவலர் உள்ளிட்ட இருவரின் சட்டையைப் பற்றி நிறுத்தி, இரு வாகனங்களின் இயக்கத்துக்கு இடையூறு விளைவித்தமைக்காக இதன்மூலம் கடுமையாக எச்சரிக்கப்படுகிறார்.' அடியில் கோபுர முத்திரை. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டே வாசித்துக் காட்டினேன்.

"இதுல பாப்பா பேரு இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"வயசு? நம்ம விலாசம்?"

"எல்லாம் இருக்குது. சீலும் இருக்குது. ஆனா இது ஒரு..."

அக்கா காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிள்ளையின் பேரை ரேஷன் கார்டில் சேர்க்கப் பிள்ளை பிறந்ததிலிருந்து நடந்துகொண்டிருந்தாள். போகிற இடத்திலெல்லாம், இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்பதற்கு அரசாங்கக் காகிதம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். மறுநாள் இதைக் கொண்டுபோய் நீட்டினாள். அங்கிருந்தவர் எழுந்து நின்று வாங்கினாராம். அன்றே பேர் ஏறிவிட்டது.

செய்தி தெருவுக்குப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த நாளிலிருந்து பள்ளி வாசலில் நடந்த கூத்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வண்டி இல்லாதவர்கள் இரவல் வாங்கி வந்தார்கள். "புடிடா, அப்பா சட்டையைப் புடி. விட்ட, தோலை உரிச்சிடுவேன்" என்று தாய்மார்கள் அதட்டினார்கள். சிரித்துக்கொண்டே பள்ளிக்குள் ஓடும் பிள்ளைகள் வீட்டில் அடி வாங்கினார்கள். பக்கிரி என்ற மாட்டு வியாபாரியின் மகனுக்கு ஒரே மாதத்தில் இரண்டு எச்சரிக்கை கிடைத்தது. அந்த வீட்டில் பெண் கொடுக்கவே போட்டி வரும் என்றார்கள். ஆதிமூலம் எல்லாவற்றையும் புள்ளிவிவரமாக மேலே அனுப்பினார். இவ்வளவு குற்றம் மலிந்த ஊரா என்று திகைத்த மேலிடம், பிரிவைத் தரம் உயர்த்தி, கூடுதலாக ஓர் இளநிலை உதவியாளரை அங்கே அமர்த்தியது.

அதுதான் நான்.

சேர்ந்த முதல் நாள், கதவைத் திறப்பதற்குள் வரிசை நின்றது. முதலில் எங்கள் தெரு சுலோசனா, தோளில் கைக்குழந்தையோடு.

"தம்பி, இவன் மேல ஒரு கேஸ் போட்டுக் கொடுப்பா."

"சட்டையைப் புடிச்சானாக்கா?"

"எங்க புடிக்கறது? பொறந்து ஒரு மாசம்தான் ஆவுது, தூங்குறான். நீயா பாத்து எழுதிக்கக் கூடாதா? தெரிஞ்ச புள்ளைதான நீ?"

"நடக்காததை நடந்ததா எழுத முடியாதுக்கா."

"படிச்சும் இப்படி இருக்கறியே."

அவள் சொன்னது சுருக்கென்றிருந்தது. ஆனால் பொய்யாக எழுத எனக்கு வராது. குழந்தையை மேசைமேல் கிடத்தச் சொன்னேன். என் சட்டையின் நுனியை அதன் கைக்கு எட்டும்படி நீட்டி, அப்படியே குனிந்து நின்றபடி, அது விழிப்பதற்காகக் காத்திருந்தேன்.

"ஏம்பா, முன்னால என்ன, சீக்கிரம் ஆகட்டும்" என்று வரிசையில் யாரோ கத்தினார்கள்.

"விசாரணை நடக்குதுங்க" என்றேன்.