கெளுத்திக்கு வளைகாப்பு

மனிதகுலம் நிலாவில் கால் வைத்திருக்கலாம். ஆனால் ஒரு கெளுத்தி மீனைச் சைவமாக்கிய பெருமை, 1998-இல், டெக்சாஸின் கேட்டி நகரிலிருந்த எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியின் கெஸ்ட் ஹவுசுக்கே உரியது.

பெஞ்சில் இருப்பவர்கள், அதாவது விசாவும் பசியும் இருந்து ப்ராஜெக்ட் மட்டும் இல்லாதவர்கள், அங்கே தங்கியிருந்தோம். முதலாளி கிட்டுசாமி அங்கிளும் அங்கேயே குடியிருந்தார். அவர் மனைவி அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி வாஸ்துப்படி ஹாலில் மீன்தொட்டி வைத்தார். பன்னிரண்டு குட்டி மீன்கள், தரையோடு கிடக்கும் ஒரு கெளுத்தி.

"உங்க வீட்ல மீனெல்லாம் பழக்கம்தானே கண்மணி? நீயே ஃபீட் பண்ணு."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். இதற்குத்தான் படித்தேன்.

"ஆன்ட்டி, இது மத்த மீனைப் பிடிச்சுத் திங்கற ரகம். அடிவரைக்கும் முங்கற மாதிரி இறால் வில்லை போடணும். வயிறு நிறைஞ்சா சும்மா கெடக்கும்."

"சீ! நம்ம வீட்ல நம்ம வழக்கம்தான். அங்கிள் முப்பது வருஷமா கீரைதான். எப்படி இருக்கார் பாரு!"

பார்த்தேன். முதலில் வயிறு வந்தது, பின்னால் அங்கிள் வந்தார். முந்தின நாள் ஃப்ரீவே ஓரத்துக் கடை வாசலில், காருக்குள் உட்கார்ந்து அவர் ஒரு பக்கெட் கீரை சாப்பிட்டதையும் பார்த்திருந்தேன். அந்தக் கீரைக்கு எலும்பு இருந்தது.

அவித்த கீரை தொட்டியில் மிதந்தது. கூட்டம் போட்டோம். கீரையில் கூழாங்கல் கட்டுவதென ஏகமனதாகத் தீர்மானம். கெளுத்தி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏகாதசி" என்றார் ஆன்ட்டி.

ஏகாதசி மூன்று வாரம் நீடித்தது. பன்னிரண்டு மீன் நான்கானது. கெளுத்தியின் வயிறு உப்பியது.

"முழுகாம இருக்கு!" ஆன்ட்டி கண்கலங்கினார். ஐந்து வகைச் சாதத்துடன் "வளைகாப்பு" இனிதே நடந்தேறியது. மறுவாரம் தொட்டியில் தாய் மட்டும் இருந்தாள்.

உடனே விசாரணைக் கமிஷன்.

"இந்த வீட்ல நான்-வெஜ் நீ ஒருத்திதான். வறுத்தியா, குழம்பு வெச்சியா?"

"ஆன்ட்டி, ஒவ்வொண்ணும் அவரைக்கொட்டை சைஸ்!"

அங்கிள் ஏப்பம் விட்டார். "ஒத்துக்கிட்டு எழுதிக் குடும்மா. இல்லேன்னா ஹூஸ்டன் ப்ராஜெக்ட் கிடையாது. ஊருக்கு டிக்கெட் போட்டுடுவேன்."

எழுதிக் கொடுத்தேன்.

"மதிப்பிற்குரிய ஆன்ட்டி அவர்களுக்கு, மீன்களை நான் தின்னவில்லை. கீரை தின்றே வயிறு பெருத்தவர்கள் இந்த வீட்டில் இருவர். ஒருவருக்கு வளைகாப்பு முடிந்துவிட்டது. அங்கிளுக்கு எந்த மாதம்?"