உவர்நாட்டில் குளிர்காலம்

கடலுக்கும் கள்ளிக்காட்டுக்கும் நடுவே உவர்நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே இரண்டே பருவங்கள்: வெயில், புழுக்கம். குடிகள் தினமும் விடியலில் வானிலைக் கோபுரத்தின் முரசுக்குக் காத்திருப்பார்கள். முரசுக்காரன் "கடும் வெயில்" என்று அறிவித்தால் உச்சிப்பொழுதில் உப்பளங்களை மூடிவிட வேண்டும். அது பழைய சட்டம். உப்பு வாரும் வெள்ளைத்துரை போன கோடையில் பாத்தியில் சுருண்டு விழுந்தும் பிழைத்தது அந்தச் சட்டத்தால்தான். இன்னொரு முறை விழுந்தால் எழ மாட்டான் என்று வைத்தியர் அவன் மனைவி சந்தனமாரியிடம் சொல்லியிருந்தார்.

தேர்தல் நெருங்கியது. இவர் ஆட்சியில்தான் வெயில் கூடிவிட்டது என்று சந்தையில் யாரோ பேசியது மன்னர் காதுக்கு எட்டியது. வானிலை அமைச்சர் எழுந்து, "மன்னா, வெயில் கூடவில்லை. அறிவிப்புதான் கூடியிருக்கிறது," என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்பார்கள். அன்று அவையிலிருந்த பூனைகள் எல்லாம் கைதட்டின.

மறுநாள் முதல் முரசு "இதமான தென்றல்" என்றது. அளங்கள் பொழுது சாயும்வரை திறந்திருந்தன. தென்றல் வீசும் நாட்டில் நிழல் எதற்கு என்று அளத்துப் பந்தல்களைப் பிரித்தார்கள். தாகம் எடுப்பது அரசுக்கு எதிரான கருத்து என்று தண்ணீர்ப் பானைகளையும் தூக்கிப் போனார்கள். அப்படியும் ஜனங்களுக்கு வேர்த்தது. அமைச்சருக்கு அது நன்றிகெட்டத்தனமாகப் பட்டது. அறிவிப்பு "கடுங்குளிர்" ஆனது. ஆளுக்கொரு கம்பளி வந்தது, நடுவில் மன்னரின் சிரித்த முகத்தோடு. போர்த்தாமல் வெளியே வந்தால் சிறை.

"இன்னைக்கு ஒரு நாளு போவாதீங்க," என்றாள் சந்தனமாரி.

"வேலை செஞ்சா குளிரு தெரியாதும்பான் கங்காணி. போவாம இருக்க முடியுமா புள்ள?" என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினான் வெள்ளைத்துரை.

நண்பகலில் அவனைத் தூக்கி வந்தார்கள். அவள் கம்பளியை உருவப் போனாள், காவலர் தடுத்தார். அதற்குள் மூச்சு நின்றிருந்தது. அரண்மனை வைத்தியர் உடலைத் தொட்டார், சுட்டதும் கையை எடுத்துக்கொண்டார், குளிரில் விறைத்து இறந்ததாக அறிவித்தார்.

அமைச்சரே நேரில் வந்தார். "ஒரு கம்பளி போதவில்லை என்பதை அரசு மிகுந்த வேதனையுடன் உணர்கிறது. மீண்டும் வாய்ப்பளித்தால் ஆளுக்கு இரண்டு," என்றார்.

"எம் புருசன் வெயில்ல செத்தாருய்யா," என்றாள் சந்தனமாரி. ஊரே கூடி நின்றது. ஒருவரும் ஆமாம் என்று சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரும் செல்லக்கனி அவளை அணைத்துக்கொண்டாள். செல்லக்கனியின் கம்பளி வேர்வையில் ஊறிக் கனத்திருந்தது.

"அழாத மாரி. ராசா ஒண்ணாவது குடுத்தாரு. அதுவும் இல்லைன்னா இந்தக் குளிருல ஊரே செத்திருக்கும்."

மன்னர் பெருவாரியான வாக்குகளில் வென்றார். சொன்ன சொல் தவறாமல் சித்திரையிலேயே இரண்டாவது கம்பளி வந்து சேர்ந்தது. சந்தனமாரி இரண்டையும் போர்த்திக்கொண்டு அளத்துக்குப் போனாள்.