நஸீஹாவின் அண்ணன் குப்பை அள்ளுகிறான் என்பது பற்றி

தேரா, துபாய்
ஜனவரி 1996

மரியாதைக்குரிய மாமா ஜனாப் செய்கு அலாவுதீன் அவர்களுக்கு, முகம்மது ரிபாய் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் நல்ல சுகம். தாங்களும் மாமியும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. நிற்க.

தங்கள் கடிதம் கிடைத்தது. 'ஸ்டோர் கீப்பர் என்று சொன்ன பெண்ணின் அண்ணன், மலைக்காட்டில் சாக்கோடு குப்பை அள்ளுகிறார் என்று நம்பகமான இடத்திலிருந்து தெரியவந்தது. ஆகவே சம்பந்தத்தை யோசிக்க வேண்டியுள்ளது' என்று எழுதியிருக்கிறீர்கள். உம்மா அஸ்மத் பீவி போனில் அழுத அழுகையில் பேச்சே புரியவில்லை. என் தங்கை நஸீஹா, மாப்பிள்ளையான தங்கள் மகனின் போட்டோவைப் பார்த்துப் பார்த்து அதன் ஓரமே மடங்கிவிட்டதாம். இந்த நிலைமையில் யோசிக்கிறீர்களாம், யோசனை!

குப்பை அள்ளியது உண்மை. சாக்கும் உண்மை. ஆனால் ஜெபல் அலி துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை அப்படியேதான் இருக்கிறது. எங்கள் மேனேஜர் வெள்ளைக்காரர். அவரும் கூட்டாளிகளும் லேண்ட் குரூஸரில் மலையோடைப் பாதையில் ஏறி இறங்குகிறவர்கள், என்னையும் கூட்டிப்போவார்கள். அந்த ஓடையை இங்கே வாதி என்பார்கள். வருகிற வண்டிகள் பாதையை விட்டுத் தண்ணீரில் இறங்கி உழுது, டப்பாவையும் எலும்பையும் போட்டுவிட்டுப் போவதால், அங்கே பேரீச்சந்தோட்டம் வைத்திருக்கும் அரபிகள், 'கலாஸ், போதும், பாறையைப் போட்டு வழியை அடைக்கிறோம்' என்று கிளம்பிவிட்டார்கள். அதனால் வெள்ளிதோறும் நாங்களே போய்க் குப்பை பொறுக்கி, மழை அரித்த பள்ளத்தை மூடி, வண்டி விலகாமலிருக்க ஓரத்தில் கல் அடுக்கிவிட்டு ஜும்மாவுக்குத் திரும்பிவிடுவோம். சம்பளம் கிடையாது. "சம்பளமும் மாஃபி, ஓவர்டைமும் மாஃபி, பைத்தியமா ஒனக்கு?" என்று ரூமில் சித்தீக் கேட்கிறான். ஆமா, பைத்தியம்தான்! அந்தத் தண்ணியில கால வச்சா கேம்ப், கண்டெய்னர் எல்லாம் மறந்து போகுது மாமா. அது மூடிப் போனா நான் வெள்ளிக்கிழமை எங்க போவேன்? ரூம் ஃபேனப் பாத்துக்கிட்டுக் கெடக்கவா?

குறை சொல்வதென்றால் குப்பை போடுகிறவனைச் சொல்லுங்கள். போன மாதம் ஒரு கூட்டம் பஜேரோவில் வந்து, நாங்கள் அடுக்கிய கல்லையே அடுப்பாக்கிப் பிரியாணி கிண்டியது. கறுப்புக் கண்ணாடியும் தாடியுமாக ஒருத்தன் எலும்பைத் தண்ணீரில் வீசிவிட்டு, என்னைப் பார்த்து, "ஏய் கச்சரா, இந்தக் குப்பையையும் எடுத்துட்டுப் போ" என்கிறான். தமிழ்ப் பையன்! வந்ததே கோபம் எனக்கு. சாக்கை அவன் கையில் திணித்து, ஒவ்வொரு எலும்பாகப் பொறுக்க வைத்தேன். "ரிபாய் பாய், பாவம், விட்ருங்க" என்று எங்களோடு கல் அடுக்கும் பொன்னுச்சாமி கெஞ்சினார். "நீங்க கீழக்கரை ரிபாய் பாயா?" என்று அவன் முழித்தான். "ஆமாடா, பொறுக்கு! ஒன்னையப் பெத்த வாப்பா எருமை மாடா? சோறு மட்டும் போட்டு வளத்தாரா?" என்று கேட்டேன். இன்றைக்கும் கேட்பேன். அப்படிப்பட்ட தகப்பன் எதிரே வந்தால் முகத்துக்கு நேராகவே கேட்பேன்.

ஆகவே, என் தங்கை வேண்டாமென்றால் வேண்டாம். கவுரவம் தெரியாத வீட்டுக்கு அவளை அனுப்ப எனக்கும் இஷ்டமில்லை. மாமிக்கு என் சலாம். தங்கள் வீட்டில் பரக்கத் பெருக துஆச் செய்யும்,

முகம்மது ரிபாய்

பின்குறிப்பு: இப்போதுதான் தங்கள் மகன் ஹசன் அலி ரூமுக்கு வந்தார். போட்டோவில் தாடி இல்லை. நேரில் இருக்கிறது. அன்றைய கோபத்தில் தங்களுக்குக் குப்பை விஷயம் எழுதியது தாம்தானென்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நஸீஹாவைத் தவிர வேறு பெண் வேண்டாமாம். இதைக் கொண்டுவரும் சித்தீக் ஏர்போர்ட் டாக்ஸியில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறான். வேறு தாளில் எழுத நேரமில்லை. தயவுசெய்து மேலே உள்ளதைப் படிக்காமல் இதை மட்டும் படிக்கவும். நிக்காஹ் தேதியைக் கோடையில் வையுங்கள் மாமா. குளிர்காலம் முழுக்க வாதியில் கல் அடுக்கும் வேலை இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் ஒரு சாக்கு வாங்கியாயிற்று.