நூற்றுமூன்று சீட்டு

தெமோதரை,
18ஆம் திகதி.

பேரன்புள்ள ஜேசன் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் நிலுக்ஷி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அம்மாவும் நானும் சுகம். தொழிற்சாலைப் படியில் விழுந்து முறிந்த அப்பாவின் காலும் பிளாஸ்டருக்குள் சுகமாகி வருகிறது. சுகமில்லாதவை நீங்கள் வாங்கி வந்த சீட்டுக்கட்டுகள் இரண்டும்தான். இதைப் போனில் சொல்லலாம் என்றால், போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

"சும்மா படுத்திருந்தா பைத்தியம் புடிக்கும் அத்தான்" என்று தனியாக ஆடும் ஒரு சீட்டாட்டத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டீர்கள். அந்த ஆட்டத்தை இப்போது உங்களைவிட நான் நன்றாகச் சொல்வேன். இரண்டு கட்டும் சேர்த்து நூற்றுநாலு சீட்டு. வரிசைக்கு நாலாகப் பத்து வரிசை, முகம் தெரிய. மிச்சம் அறுபத்துநாலு கையில். ஆசு, அதாவது ஒன்று, வந்தால் மேலே எடுத்து வைத்து, அதே இனத்தில் இரண்டு, மூன்று என்று ராஜா வரை ஏற்ற வேண்டும். வரிசைகளில் அதே இனமாக இறங்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு சீட்டுத்தான் நகரும். கைச்சீட்டை ஒவ்வொன்றாக ஒரே ஒரு முறை புரட்டலாம். மேலே ஏறும் எட்டு அடுக்கும் ராஜாவில் முடிந்தால் வெற்றி. இதற்குக் கட்டில் முழுவதும் வேண்டியிருக்கிறது. அப்பா ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"நூத்திநாலு சீட்ட அடுக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு நாலு சட்டிய அடுக்கத் தெரியல" என்று மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போதெல்லாம் அம்மா சொல்லிவிட்டுப் போகிறார். சட்டிகளையும் தண்ணீரையும் அப்பாவின் காலையும் நான்தான் பார்க்கிறேன்.

இது வரை பொறுத்துக்கொள்வேன் மாமா. நீங்கள் போய்ப் பத்தாம் நாள் என் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. ஏழு ஏ, இரண்டு பி. எங்கள் தோட்டப் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான். உயிரியல் படிக்க பதுளைக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். விண்ணப்பம் 28ஆம் திகதியோடு முடிகிறது. கேட்டதற்கு அப்பா சீட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்த ஆட்டம் ஒரு தடவ ஒழுங்கா முடியட்டும், கையெழுத்துப் போடுறேன். ஆண்டவர் தீர்மானிக்கட்டும்" என்றார்.

முப்பத்தொரு ஆட்டம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஆட்டின், அந்தச் சிவப்பு இதயம் போட்ட இனத்தில், அடுக்கு ஒன்று ஆறோடு நின்றுவிடுகிறது. போன வாரம் எண்ணிப் பார்த்தேன். நூற்றுமூன்று! ஆட்டின் ஏழு ஒன்றுதான் இருக்கிறது.

"சீட்டு கொறையுதுப்பா."

"கொறையட்டும். ஆண்டவர் நெனச்சா நூத்திமூணுலயும் முடிப்பாரு."

பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, சிவப்புப் பேனாவால் ஏழு இதயம் வரைந்து கொடுத்தேன். "கள்ளச் சீட்டு! ஆண்டவரையே ஏமாத்துறியா புள்ள?" என்று அடுப்பில் போடச் சொல்லிவிட்டார். போட்டேன்.

மாமா, அந்த ஏழாம் சீட்டை நீங்கள்தான் கொண்டு போயிருக்க வேண்டும். போன தடவை எங்கள் குடையைக் கொண்டுபோனவர் நீங்கள். ரயிலில் வாசித்த பேப்பருக்குள்ளோ, பைக்குள்ளோ நன்றாகத் தேடி, கிடைத்த அன்றே தபாலில் அனுப்புங்கள். ஒரு சீட்டைக்கூட ஒழுங்காக விட்டுப்போகத் தெரியாதவர் எதற்காக எங்களுக்கு ஆட்டம் சொல்லித்தர வந்தீர்கள்?

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காப்பாராக. என்னையும் 28ஆம் திகதிக்குள்.

உங்கள் மருமகள்,
நிலுக்ஷி

பி.கு. 27ஆம் திகதி, பதுளை. முத்திரை இல்லாமல் இந்தக் கடிதம் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. மேலே உங்களைத் திட்டியதையெல்லாம் அடித்துவிடுங்கள். இன்று ஆஸ்பத்திரியில் பிளாஸ்டரை வெட்டினார்கள். உள்ளே கெண்டைக்காலோடு ஒட்டிக்கொண்டு ஆட்டின் ஏழு இருந்தது. வெட்டியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அரிச்சிச்சு. சொறிய விட்டேன், உள்ள போயிருச்சு" என்றார் அப்பா.

"எப்பப்பா?"

"மாமா போன மறுநாளு."

அப்படியென்றால் எனக்கு வாக்குக் கொடுத்தபோதே ஆட்டம் முடியாது என்று அவருக்குத் தெரியும். அவராகவே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நீ போயிட்டா வீட்ட யாரு பார்க்குறது?" என்றார்.

அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உயிரியல் இருக்கும் அந்தப் பதுளைப் பாடசாலைக்கு ஓடினேன். படிவத்தைக் கொடுத்துவிட்டேன். பாதுகாவலர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். ஞாயிறு ரயிலிலேயே வந்துவிடுங்கள். கையில் எங்கள் குடையை மட்டும் கொண்டு வாருங்கள்.