கழட்டியரின் ஜீப்பும் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கழட்டப்படாத பொருள் ஏதாவது மிஞ்சியிருந்தால், அது கழட்டியரின் கண்ணில் இன்னும் படவில்லை என்றே கொள்ளவேண்டும். கொக்குவிலில் அவரை அப்படித்தான் சொல்வார்கள். பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. சங்கக்கடையில் பங்கீட்டு அட்டையைப் பார்த்து அந்தப் பெயரை உரத்துக் கூப்பிட்டால் கழட்டியரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

நான் அவர் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். பண்டத்தரிப்பில் தோட்டம் கொத்துகிற எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். போனவன் திரும்பி வரவேயில்லை. விஞ்ஞான ஆசிரியராகி அங்கேயே நின்றுவிட்டேன். படித்த படிப்பு நாலு பேருக்குப் பயன்படவேண்டும் என்ற எண்ணம் அப்போது எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது.

குடிவந்த முதல் நாள் பின்னேரம் பள்ளியால் வந்து பார்த்தால், என்னுடைய மேசை மணிக்கூடு ஒரு பழைய பேப்பரின் மேல் துண்டு துண்டாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"ஓடாமல் நிண்டிட்டுதோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி, நல்லாத்தான் ஓடினது. ஏன் ஓடுதெண்டு பாத்தனான்."

நெல்லியடியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனார். சண்டையால் ஊரில் கரண்ட் இல்லாத காலம். மணவறைக்குப் பக்கத்தில் பெற்றோமக்ஸ் லேசாக மங்கியது. அதைக் கழட்டாமல் இருக்க அவர் கடவுளா? மாப்பிள்ளை தாலி கட்டியதை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. சபை முழுக்கக் கழட்டியரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐயர்கூட மந்திரத்தை ஒருதரம் நிறுத்தி, "அந்தச் சின்ன வளையத்தை விட்டிட்டியள்" என்று கைகாட்டினாராம்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. நாலு துளி பெற்றோலை மணக்கக் காட்டி ஸ்ராட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். தோட்ட ஒழுங்கைகளுக்குள் இறங்கி வெங்காய மூட்டை ஏற்றுவதுதான் அதன் உத்தியோகம். குலுக்கத்தைத் தாங்குகிற பின்பக்கத்துச் சொக் அப்சோபர் இரண்டும் எப்போதோ செத்துப்போய்விட்டன. குழியில் விழுந்தால் ஜீப் மூன்றுதரம் துள்ளி, நாலாவதுதரம் யோசிக்கும். மூட்டைகள் முறைப்பாடு சொல்லாதபடியால் வண்டி அப்படியே ஓடியது.

அந்த வருஷம் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பன்னிரண்டு வருஷம் காத்திருந்தபின் கர்ப்பமானார். மார்கழிக் கடைசியில் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவிச்சி சொன்னார். உடம்பு குலுங்கக்கூடாது என்றும் சொன்னார். கொக்குவிலில் இருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வீதியிலோ குழிகளுக்கு இடையில்தான் கொஞ்சம் வீதி கிடந்தது. ஊரில் ஓடக்கூடிய வாகனம் கழட்டியரின் ஜீப் ஒன்றுதான்.

அக்கா ஜீப்பைச் சந்தியிலிருந்த கராச்சுக்குக் கொண்டுபோகச் சொன்னார். கராச்சுக்காரர் குனிந்து பார்த்து, "உது கழட்டுற சாமானில்லை அண்ணை, எறியிற சாமான்" என்றார். பொருளாதாரத் தடையால் புதிது கொழும்பிலிருந்து வராது. தன்னிடம் வேறொரு ஜீப்பில் கழட்டிய பழைய சோடி ஒன்று இருக்கிறதென்றும், ஒரு மணித்தியாலத்தில் பூட்டித் தருவதாகவும் சொன்னார். நியாயமான மனிதர்.

கழட்டியர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்று மத்தியானம் சோறு போடாமலே அக்கா விசாரணையைத் தொடங்கினார்.

"அவர் பூட்டித் தாறனெண்டு சொல்லேக்கை உங்களுக்கு என்ன வந்தது?"

"இஞ்சாரும், அந்தப் பழசின்ரை வயித்துக்குள்ளை என்ன கிடக்குதெண்டு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பூட்டினது பிழைச்சால் எங்கை பிழைச்சதெண்டு எனக்குத் தெரியும்."

"நடுரோட்டிலை பிழைச்சால் தெரிஞ்சென்ன, தெரியாட்டிலென்ன?" என்றார் அக்கா. பிறகு தவணை கொடுத்தார். மார்கழி பிறக்கமுன் ஜீப் சரிவராவிட்டால் தானே கராச்சுக்குப் போவாராம், அதுவும் நடந்து.

கழட்டியர் வேலையில் இறங்கினார். சொக்கின் மேல் வளையம் துருவேறி இறுகிக் கிடந்தது. மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உளியால் தட்டித் தட்டித் திருப்பினார். உள்ளே கறுப்பாக ஒரு வாய் எண்ணெய் மிஞ்சியிருந்தது. குலுக்கத்தை விழுங்குவது அந்த எண்ணெய்தான். றப்பர் சீல் தூளாகிவிட்டது. அதற்குப் பதிலாகக் கிணற்றுப் பம்பின் தோல் வாசரை வெட்டிப் போட்டார். அச்சொட்டாகப் பொருந்தியது. ஆனால் எண்ணெய்க்கு எங்கே போவது? வாகன எண்ணெய் என்ற ஒன்றை ஊரே மறந்திருந்த காலம்.

என் காய்ச்சல் உச்சத்துக்கு ஏறியது. "பாகுநிலை அண்ணை! அதுதான் முக்கியம்" என்றேன். மிஞ்சிய கறுப்பெண்ணெயை நீளமான போத்தலில் விட்டு, ஒரு கடுகைப் போட்டு, அது அடியைத் தொட எத்தனை செக்கன் என்று குறித்தேன். பிறகு நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய், ஆமணக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் ஒவ்வொன்றிலும் கடுகு போட்டேன். கழட்டியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் திருப்பிப் பூட்டிய என்னுடைய அதே மணிக்கூடு. குசினி வாசலில் நின்ற அக்கா, "அடுப்பில்லாமல் தாளிக்கிற ஆக்களை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தேங்காயெண்ணெய் வென்றது. கறுப்பெண்ணெயோடு ஏறக்குறையச் சமம். கொப்பியில் கோடு போட்டு விடை எழுதினேன். பரிசோதனை நடந்தது நடு மத்தியானம், கொளுத்துகிற வெயிலில் என்பதைக் கொப்பியில் எழுதவில்லை. என் மாணவன் ஒருவன் அப்படி விட்டிருந்தால் புள்ளி வெட்டியிருப்பேன்.

கழட்டியர் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயை இரண்டு சொக்குக்குள்ளும் நிரப்பிப் பூட்டினார். அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. அக்கா இருக்கவேண்டிய இடத்தில், விளிம்பு முட்டத் தண்ணீர் நிரப்பிய குடத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். பழைய சொக்கோடு முன்னொருநாள் இப்படிப் போனபோது பாதித் தண்ணீர் என் வேட்டிக்கு வந்திருந்தது. இந்தமுறை வீதியால் போன சனம் கோயில் கும்பமாக்கும் என்று சைக்கிளை விட்டு இறங்கி நின்றது. ஒரு கிழவர் கும்பிட்டார். திரும்பி வந்தபோது சிந்தியது ஒரு சிறங்கைத் தண்ணீர்தான்.

கழட்டியர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அதை எடுத்துப்போய் அக்காவுக்குக் காட்டினார். அக்கா குடத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சோறு போட்டார்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் விடியற்காலை, திருவெம்பாவைச் சங்கு ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்த நேரம், அக்காவுக்குப் பிரசவ நோ தொடங்கியது. அந்த மார்கழியின் ஆகப் பெரிய குளிர் அன்றைக்குத்தான். கழட்டியர் அவரைப் பக்குவமாக ஏற்றி, ஜீப்பை எடுத்தார். உடுப்புப் பையோடும் சுடுதண்ணீர்ப் பிளாஸ்கோடும் நான் பின்னால் இருந்தேன். படலை தாண்டி முதல் குழியில் ஜீப் இறங்கியது. குடம் வைத்துப் பார்த்த அந்த ஜீப் இதுதானா என்று இருந்தது. மாட்டுவண்டிகூட இப்படி இடிக்காது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். அடுத்த குழியில் அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கழட்டியர் நிறுத்தினார். இறங்கிப் பின்சில்லுக்குள் குனிந்து, சொக்கில் கையை வைத்தார்.

"தம்பி, உன்ரை தலைக்கு வைக்கிற எண்ணெய் இண்டைக்கு எப்பிடிக் கிடந்தது?"

புறப்படமுன் முகம் கழுவும்போது பார்த்திருந்தேன். தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக, மெழுகு மாதிரி உறைந்து கிடந்தது. சொக்குக்குள்ளேயும் அதே கதைதான்.

நான் வாயைத் திறக்கமுன் மேலேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"உங்கை பிளாஸ்கிலை சுடுதண்ணி கிடக்கு. ஊத்துங்கோ."

"அது உமக்குத் தேத்தண்ணிக்கெல்லோ?"

"பிள்ளை ரோட்டிலை பிறந்தால் தேத்தண்ணி ஆருக்கு? ஊத்துங்கோப்பா."

கழட்டியர் பாதியை இடப்பக்கச் சொக்கிலும் பாதியை வலப்பக்கத்திலும், அபிஷேகம் செய்கிறவர் மாதிரி, மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல ஊற்றினார். பிறகு ஜீப்பின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமத்திப் பார்த்தார். அது மெதுவாகத் தாழ்ந்து மெதுவாக எழும்பியது. ஆஸ்பத்திரி வாசல்வரை அக்கா அதன்பின் ஒரு சத்தம் போடவில்லை. வழியில் கராச் பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் கழட்டியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம் என்று தாதி வந்து சொன்னபோது நான் விறாந்தை மூலையில் நின்றேன். கழட்டியரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அண்ணை, நான்தான் பிழை. வெக்கையையும் குளிரையும் யோசிக்காமல் கணக்குப் பாத்திட்டன்" என்றேன்.

கழட்டியர் என் தோளில் கை போட்டார். கையில் இன்னும் தேங்காயெண்ணெய் மணத்தது.

"உன்ரை கணக்கிலை ஒரு பிழையுமில்லைத் தம்பி. மார்கழியிலைதான் பிழை."

அடுத்த வருஷம் யாரோ வன்னியால் வந்தவர் அவருக்கு ஒரு ரின் அசல் சொக் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். கழட்டியர் அதை மாற்றுவார் என்று காத்திருந்தேன். ரின்னைக் கொண்டுபோய்ச் சந்திக் கராச்சுக்காரரிடம் கொடுத்துவிட்டார். மார்கழி விடியற்காலைகளில் எழும்பி இரண்டு கேத்தில் தண்ணீர் சுடவைப்பார். ஒன்று பிள்ளை குளிக்க, மற்றது ஜீப்புக்கு. இரண்டையும் விரலை வைத்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டு போவார்.

இந்தக் கரைச்சல் ஏன், எண்ணெயை மாற்றியிருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். கேத்திலைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"நீ பாத்துச் சொன்ன எண்ணெயெல்லோ. கிடக்கட்டும்."