லீலாவின் கணவர் இந்தியரா?

பிறந்ததிலிருந்து மயிலாப்பூரில்தான் இருக்கிறேன். அதனால் குடியுரிமை என்பது எனக்கு மூக்கு மாதிரி. இருக்கிறதா என்று ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை. தடவிக் காட்டச் சொல்லி அரசாங்கமே வீட்டு வாசலுக்கு வந்த நாளில், அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் என் வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிட்டால் மானம் கொஞ்சமாவது மிஞ்சும்.

என் மனைவி லீலா மொரீஷியஸ்காரி. அவளுடைய முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்கள். குடும்பப் பெயர் ஆர்மூகும். (ஆறுமுகம்தான். கல்யாணத்தன்று என் பெரியப்பா, “அது என்னடா ஆர்மூகும்?” என்றார். “கப்பல்ல போறச்சே உப்புத்தண்ணி பட்டுடுத்து பெரியப்பா” என்றேன். நான் சொல்லிச் சபை சிரித்த ஒரே ஜோக் அதுதான்.) சென்னைக்குப் படிக்க வந்தாள், என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள், இப்போது கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாள். எங்களுக்குத் தாரா என்று ஒரு மகள்.

வந்த புதிதில் லீலாவுக்குத் தமிழ் தெரியாது. நான் கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று இலக்கணத்தில் ஆரம்பித்தேன். இரண்டாம் வேற்றுமையிலேயே அவள் எழுந்து போய்விட்டாள். பிறகு தெருமுனையில் மீன் விற்கும் எஸ்தரிடம் அவளாகவே கற்றுக்கொண்டாள். அதனால் என் மனைவியின் தமிழ் சுத்தமான பட்டினப்பாக்கத்துத் தமிழ். பிரெஞ்சு வாசனையோடு அவள் “இன்னாபா” என்று சொல்வதைக் கேட்டால் முதல்முறை கேட்பவர்களுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடாது.

வெளிநாட்டவர் என்பதால், இங்கே தங்குவதற்கான அனுமதியை அவள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுப் பத்திரம், திருமணச் சான்று, நாங்கள் சேர்ந்துதான் குடித்தனம் நடத்துகிறோம் என்பதற்கு அத்தாட்சி என்று ஒவ்வொரு முறையும் ஒரு கட்டு. “நம்ம ஊரு, நான் பாத்துக்கறேன்” என்று நான் முன்னால் நடப்பேன். அவள் கோப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வருவாள். வேலை முடிந்துவிடும். என் சாமர்த்தியத்தால்தான் முடிகிறது என்று நான் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியவே இல்லை. லீலா முழங்கால் தண்ணீரில் நடந்து போய், வார்டு கவுன்சிலரின் ஆளைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். அவன் எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு இங்க ஓட்டு கீதா மேடம்?” என்றானாம்.

வீட்டுக்கு வந்தவள் புடவையைக்கூட மாற்றவில்லை. “எனக்கு ஓட்டு வோணும்” என்றாள்.

இந்திய வம்சாவளியினருக்கென்றே ஓர் அட்டை இருக்கிறது, அதை வாங்கினால் ஆயுள் முழுக்க நிம்மதியாக இங்கே இருக்கலாம் என்று எடுத்துச் சொன்னேன்.

“அதுல ஓட்டு உண்டா?”

“இல்ல.”

“அப்ப அத்த நீயே வெச்சுக்க.”

இந்தியரை மணந்து இங்கேயே வாழ்பவர் என்ற அடிப்படையில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தாள். வெகுநாள் கழித்து போலீஸிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. விசாரணைக்கு வீட்டுக்கு வருகிறார்கள்.

என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது அப்போதுதான். பாண்டி பஜாருக்குப் போய்ப் பெரிய இந்திய வரைபடம் ஒன்று வாங்கிவந்து கூடத்தில் மாட்டினேன். கதர்ச் சட்டை போட்டுக்கொண்டேன். தேசியப் பறவை, தேசிய மலர், மாநிலங்கள், தலைநகரங்கள் என்று லீலாவை உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னேன். “வந்ததும், ‘வணக்கம், தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி’ன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத. மத்தத நான் பாத்துக்கறேன்.”

வந்தவர் ஒரு பெண் அதிகாரி. சீருடை இல்லை, பருத்திப் புடவை. உள்ளே வந்ததும் வரைபடத்தைப் பார்த்தார். கதர்ச் சட்டையைப் பார்த்தார்.

“சார் வீட்ல டியூஷன் எடுக்கறீங்களா?”

லீலா பக்கம் திரும்பி, “மேடம், தமிழ் பேசுவீங்களா?” என்றார்.

நான் லீலாவுக்குக் கண்ணைக் காட்டினேன். பெருமகிழ்ச்சி, பெருமகிழ்ச்சி.

“பேசுவேனே. உக்காருங்க மேடம். இன்னா வோணுமோ கேளுங்க” என்றாள் லீலா.

எனக்குக் கதர்ச் சட்டைக்குள் வியர்த்தது. ஆனால் அந்த அதிகாரியின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. அதுவரை அலுவலகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், “எங்க கத்துக்கினீங்க இத்த?” என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் சங்கரா மீன் என்ன விலை விற்கிறது, எந்தக் குப்பத்தில் நெத்திலி நன்றாக இருக்கும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். தேசியப் பறவையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

பிறகு கோப்பு திறந்தது. கடவுச்சீட்டு, பிறப்புச் சான்று, அவளுடைய அப்பா, தாத்தா பிறப்புச் சான்றுகள். எல்லாவற்றிலும் அதே ஆர்மூகும், ஓர் எழுத்து பிசகவில்லை. கடல் தாண்டிப் போன இடத்தில் யாரோ ஒரு குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயரை, அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பொத்திப் பாதுகாத்திருந்தது. அதிகாரி தாள்களைப் புரட்டப் புரட்ட எனக்கே பிரமிப்பாக இருந்தது.

“பக்காவா கீது மேடம்” என்று மூடினார். “இப்ப சாரோடது?”

“என்னோடது எதுக்கு?”

“இந்தியரோட மனைவின்னுதானே அப்ளை பண்ணியிருக்காங்க. அப்ப நீங்க இந்தியர்னு நான் பாக்கணும்ல?”

சிரித்துக்கொண்டே எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறப்புச் சான்றில் என் பெயரே இல்லை. வெறும் ‘ஆண் குழந்தை’. (பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்தாராம். இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.) பள்ளிச் சான்றில் ராமசுப்பிரமணியன். காலாவதியான பாஸ்போர்ட்டில் ராம் என்பது ஒருவர், சுப்ரமணியம் என்பது இன்னொருவர் என்பதுபோல நடுவில் ஓர் இடைவெளி. திருமணச் சான்றில் ஆர். எஸ். மணியன். கடைசியாக வாக்காளர் அட்டையை நீட்டினேன். அதற்கு விண்ணப்பித்தபோது நான் எந்தக் கட்டத்தில் டிக் அடித்துத் தொலைத்தேனோ தெரியாது.

அதிகாரி அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். “கணவர் பெயர், சுவாமிநாதன்.”

“அது எங்க அப்பா மேடம்.”

“உங்க அப்பா உங்க கணவரா?”

லீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். “சார், மேடத்துக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா மேடம் கல்யாணம் பண்ணிக்கிட்ட ஆள் யாருன்னே எனக்குத் தெரியலியே. அக்கம்பக்கத்துல உங்களத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?”

“மேடம், நான் இதே தெருவுல பொறந்தவன். யாரை வேணா கேளுங்கோ!”

கேட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

மாடியிலிருந்து பங்கஜம் மாமி இறங்கி வந்தார். “லீலாவா? தங்கமான பொண்ணு. போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனப்போ தெனமும் வந்து சொட்டு மருந்து விட்டுட்டுப் போவாளே! மீன் வாங்கறதை மட்டும் நான் கண்டுக்கறதில்லை.”

“இவர்?”

மாமி புதுக் கண்ணால் என்னைப் பார்த்தார். “இவரைப் பாத்துண்டுதான் இருக்கேன். ஃபோனைக் காதுல வெச்சுண்டே போவார், வருவார். பேரு… ராகவனா?”

அந்தச் சமயம் பார்த்து எஸ்தர் கூடையோடு வந்து நின்றாள். போலீஸ் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, லீலாவுக்கு என்ன ஆச்சோ என்று வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள்.

“இன்னாம்மா பண்ணுச்சு எங்க லீலாம்மா?” என்று அதிகாரியிடமே சண்டைக்குப் போனாள். “எம்பொண்ணுக்கு வலி எடுத்தப்ப ஆஸ்பத்திரில ரா முழுக்கக் குந்திக்கினு இருந்துச்சும்மா இது. மொதல்ல கொயந்தயக் கையில வாங்குனதே இதுதான். இத்தப் போயி ஃபாரின்னு சொல்லிக்கினு…”

“அவங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. இவர உனக்குத் தெரியுமா?”

எஸ்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மூக்கப் பொத்திக்கினு தூரமா நிப்பாரே, இவுருதானே? இவுருதான் வெளியூருன்னு நெனச்சேன்.”

கண் ஆபரேஷனும் பிரசவமும் எனக்கு அன்றுதான் தெரியவந்தன. ஒரே வீட்டில் இருந்தேன். ஒரே தெருவில் நடந்தேன். நான் பிறந்துவிட்டதாலேயே என்னுடையது என்று நினைத்திருந்த தெருவை, அவள் கதவு கதவாகத் தட்டித் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தாள். இதற்குள் வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் லீலாவைப் பற்றி ஒரு கதை இருந்தது. என்னைப் பற்றி ஒருவரிடமும் ஒன்றுமில்லை. அவமானப்பட வேண்டிய நேரத்தில் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதிகாரிக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். விளையாட்டாக, “மேடம், நீங்களே சொல்லுங்க. இவரு இந்தியர்தானா?” என்றார்.

லீலா என்னை நிதானமாகப் பார்த்தாள்.

“தெர்ல மேடம். ஆனா நல்லவரு.”

விசாரணை நின்றது. நான்தான் என் மனைவியின் விண்ணப்பத்துக்குத் தடை என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. அடுத்து வந்த மாதங்களில், ராமசுப்பிரமணியனும் ராம் சுப்ரமணியமும் மணியனும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதக் கிளம்பினேன். இந்த முறை லீலா முன்னால் போனாள். நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். “கவுண்டர்ல கெஞ்சாத. கத்தாத. அவங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஜெராக்ஸ் ஒண்ணு சேத்து வெச்சுக்க” என்று வரிசையில் நிற்கும்போதே காதில் சொல்வாள். இத்தனை வருடமாக அனுமதி எப்படிக் கிடைத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு ஆழ்வார்பேட்டை நோட்டரி அலுவலகத்துப் படிக்கட்டில் உறைத்தது.

ஒருவழியாக நான் ஒரே ஆளானேன். லீலாவின் விண்ணப்பம் நகர்ந்தது. ஏற்கிறோம், ஆனால் உங்கள் பழைய குடியுரிமையைத் துறந்துவிட்டு வாருங்கள் என்று பதில் வந்தது.

இது வரும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அன்று மாலை அவள் சமைக்கவில்லை. தன் அம்மாவோடு அவர்கள் ஊர்ப் பேச்சான கிரியோலில் வெகுநேரம் பேசினாள். அந்தப் பக்கம் அழுகை எனக்கே கேட்டது. தாராவையும் கூட்டிக்கொண்டு மூவரும் திருவான்மியூர் கடற்கரைக்குப் போனோம். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான் கடலைக் காட்டி, “அதோ, உன் ஊர் அங்கதான் இருக்கு. எப்ப வேணாப் பாத்துக்கலாம்” என்றேன்.

லீலா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். கடலுக்கு முதுகைக் காட்டி, பஜ்ஜிக் கடைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் மேலே, தென்மேற்கே கையை நீட்டினாள்.

“அந்தாண்ட கீது.”

பிறகு அந்தப் பக்கம் பார்த்தபடியே நின்றாள். ஒரு ஓட்டுக்காக இவ்வளவு பெரிய ஒன்றைக் கையிலிருந்து நழுவவிட முடியுமா? முடியும் என்று அவள் முடிவுசெய்திருந்தாள். அடுத்த வாரம் துறந்தாள்.

உறுதிமொழி எடுக்கும் நாளில் தாராவையும் அழைத்துப் போனோம். சின்ன அறை. ஒரு மேசை, ஒரு கொடி, ஒரு மின்விசிறி. தமிழிலேயே எடுக்கிறேன் என்று லீலா சொல்லியிருந்தாள். அரசியலமைப்புச் சட்டத்தின்மீது உண்மையான நம்பிக்கை, பற்றுறுதி, கடமைகள் என்று நீண்டுகொண்டே போன அந்த வாக்கியத்தைத் தாளைப் பார்க்காமல், ஒரு சொல்லும் தடுக்காமல் சொன்னாள். ‘இன்னா’வும் இல்லை, ‘கீது’வும் இல்லை. எனக்குத் தெரியாமல் எத்தனை நாள் சொல்லிப் பார்த்தாளோ! சொல்லி முடித்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. அந்த அறையில் கைதட்டலாமா என்று தெரியாததால் எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

ஆட்டோவில் வரும்போது தாரா கேட்டாள். “அப்பா, நீ இந்த ப்ராமிஸை எப்போ பண்ணே?”

“நான் பண்ணலையே.”

“பண்ணாமலே உனக்குக் குடியுரிமை குடுத்துட்டாளா?”

“ஆமா. இங்க பொறந்தேன் இல்லையா?”

“அது நீ செஞ்ச வேலை இல்லையேப்பா” என்றாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் தாரா உட்கார்ந்துகொண்டாள். என்னை எதிரே நிற்கவைத்தாள். லீலா வரி வரியாகச் சொல்லிக்கொடுக்க, நான் வலது கையைத் தூக்கிக்கொண்டு திருப்பிச் சொன்னேன். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். பாதியில் விளையாட்டு என்பதே மறந்துபோயிற்று. பற்றுறுதி என்கிற இடத்தில் நாக்கு குழறி நின்றுவிட்டேன். லீலா திருத்தினாள். மறுபடியும் குழறினேன்.

தாரா மேசையைத் தட்டினாள். “ரிஜெக்டட். அடுத்த வருஷம் வாங்க சார்.”

ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதி வந்தால் மேசை போடுகிறார்கள். மாமி வருகிறார், எஸ்தர் வருகிறாள், தொலைபேசித் திரையில் மாமியாரும் வந்துவிடுகிறார். இதுவரை நான் தேறவில்லை.